விலை ஏற ஏற ஆயுள் குறையலாமா? உயர்விலை மின்னணுச் சாதனத் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயர்விலைக் கைப்பேசிகள், மடிக்கணினிகள், கேம் கன்சோல்கள் தயாரிக்கும் நிறுவனங்களை நடத்துபவர்களுக்கு,

பழுது பார்ப்பது என் தொழில். நீங்கள் விற்ற சாதனங்கள் வாரண்டி முடிந்தபின் வந்து சேரும் மேசையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புது மாடலை மேடையில் அறிமுகப்படுத்தும்போது கைதட்டுகிறவர்களை நீங்கள் பார்க்கிறீர்கள். இரண்டு மூன்று வருடம் கழித்து அதே மாடல் உயிரில்லாமல் என்னிடம் வரும்போது, அதைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்பவரின் முகத்தை நான் பார்க்கிறேன். பல நேரம் தவணைகூட முடிந்திருக்காது.

மெமரி சிப் விலை ஏறிவிட்டது, ஆகவே சாதனங்களின் விலையையும் ஏற்ற வேண்டியிருக்கிறது என்று உங்கள் தரப்பிலிருந்து ஒருவர் பின் ஒருவராகச் சொல்லி வருகிறீர்கள். இதற்கு முன் சிப் தட்டுப்பாடு என்றீர்கள். அதற்கு முன் பணவீக்கம், நாணய மதிப்பு. காரணங்கள் மாறுகின்றன, விலை மட்டும் ஒரே திசையில் போகிறது. இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாமல்தான் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் பக்க நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்தச் சாதனங்களின் உள்ளே என்ன இருக்கிறது என்று தினமும் திறந்து பார்ப்பவன் நான். இன்றைய உயர்ரக சிப்பை அச்சிட, மிக நுண்ணிய கோடுகளை ஒளியால் பதிக்கும் ஈயூவி எந்திரம் வேண்டும். உலகத்திலேயே அதைச் செய்வது நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் என்ற ஒரே நிறுவனம். ஒரு எந்திரத்தின் விலையே 15 கோடி டாலருக்கு மேல். 2007-இல் வந்த முதல் ஐபோனின் 8 ஜிபி மாடல் 599 டாலர், அதுவும் இரண்டு வருட தொலைபேசி ஒப்பந்தத்தோடு. அமெரிக்கப் பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் இன்று அது 900 டாலரைத் தாண்டும். அந்தக் கைப்பேசியில் இருந்த கேமரா 2 மெகாபிக்சல், வீடியோகூட எடுக்காது. இன்று ஒரு கைப்பேசிக்குள் இருக்கும் கேமராவையும் திரையையும் கணக்கில் வைத்தால், 1,000 டாலர் என்ற எண் மட்டுமே ஒரு குற்றமாகிவிடாது. விலை ஏறுவதே தவறு என்று வாதாட நான் வரவில்லை.

ஆனால் செலவு ஏறியதால்தான் விலை ஏறுகிறது என்று நீங்கள் சொல்லும்போது, உங்கள் கணக்குப் புத்தகமே அதற்கு ஒத்துப்போகவில்லை. ஆப்பிளின் ஆண்டறிக்கையை எடுத்துக்கொள்வோம். எல்லாரும் படிக்கக்கூடிய ஆவணம் அது. 2018 நிதியாண்டில் சாதன விற்பனையில் அதன் மொத்த லாப விகிதம், அதாவது விற்ற தொகையில் தயாரிப்புச் செலவு போக மிஞ்சும் பங்கு, 34.4 சதவீதம். 2024-இல் 37.2 சதவீதம். செலவுதான் விலையைத் தள்ளியது என்றால் அந்த விகிதம் குறைந்திருக்க வேண்டும், இல்லையென்றால் இருந்த இடத்திலாவது இருந்திருக்க வேண்டும். ஏறியிருக்கிறது. ஆராய்ச்சிக்குத்தான் பணம் போகிறது என்றும் சொல்ல முடியாது. 2024 நிதியாண்டில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் அந்த நிறுவனம் செலவழித்தது சுமார் 3,140 கோடி டாலர். அதே ஆண்டில் தன் பங்குகளைத் தானே திரும்ப வாங்கச் செலவழித்தது சுமார் 9,500 கோடி டாலர். வாங்குபவர் கூடுதலாகக் கொடுத்த பணம் எந்தப் பக்கம் போனது என்பதற்கு இதைவிட வேறு கணக்கு தேவையில்லை. மற்ற நிறுவனங்களின் எண்கள் வேறாக இருக்கலாம். அப்படியானால் உங்கள் எண்களையும் எடுத்துக் காட்டி விளக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

மெமரி விஷயத்துக்கு வருகிறேன். பல வருடங்களாக ஆப்பிள் மடிக்கணினிகளில் 8 ஜிபி ரேமை 16 ஆக்க 200 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருந்தது. 2024 அக்டோபரில், 999 டாலர் மேக்புக் ஏரில் 16 ஜிபி-யை அடிப்படையாகவே வைத்தார்கள். விலை ஒரு டாலர்கூட ஏறவில்லை. நல்ல முடிவு, வரவேற்கிறேன். ஆனால் முந்தின மாதம் வரை அந்த 200 டாலரைக் கொடுத்து வாங்கியவர்களிடம் வசூலித்தது எதற்கு? அது செலவுக்கான விலை என்றால், ஒரே நாளில் எப்படிக் காணாமல் போனது? ரேமைக் கழற்ற முடியாதபடி மதர்போர்டோடு சேர்த்துவிட்ட பிறகு வாங்குபவருக்கு வேறு வழி கிடையாது. அந்த வழியில்லாமைக்குத்தான் விலை வைத்தார்கள். இன்று மெமரி உண்மையிலேயே விலை ஏறியிருக்கிறது. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குப் போகும் மெமரியில் லாபம் அதிகம் என்பதால் தயாரிப்பாளர்கள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். மைக்ரான் நிறுவனம், நுகர்வோருக்கு விற்றுவந்த தன் குரூஷியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்ற மூன்று நிறுவனங்களின் கையில்தான் டிராம் எனப்படும் ரேம் சிப் சந்தையின் பெரும்பகுதி இருக்கிறது. இந்தச் சந்தைக்கு ஒரு வரலாறும் உண்டு. 1999 முதல் 2002 வரை கூடிப் பேசி டிராம் விலையை நிர்ணயித்த வழக்கில் சாம்சங் 30 கோடி டாலர், ஹைனிக்ஸ் 18.5 கோடி டாலர் அபராதம் கட்ட 2005-இல் ஒப்புக்கொண்டன. ஆகவே 'மெமரி விலை ஏறிவிட்டது' என்ற ஒரு வரியை வைத்து எங்களை நம்பச் சொல்வது போதாது. எவ்வளவு ஏறியது, அதில் சாதனத்தின் மீது எவ்வளவு ஏற்றினீர்கள், மெமரி விலை இறங்கினால் இதையும் இறக்குவீர்களா? கடைசிக் கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொன்னதாக நான் பார்க்கவில்லை.

பெட்டிக்குள் இருந்த சார்ஜரையும் சொல்ல வேண்டும். 2020 அக்டோபரில் ஐபோன் 12 வந்தபோது சார்ஜரும் இயர்போனும் போயின. காரணம் சுற்றுச்சூழல் என்றார்கள். அதே திரை அளவுள்ள ஐபோன் 11, 699 டாலரில் தொடங்கியது. ஐபோன் 12 தொடங்கியது 799 டாலரில். 5ஜி-யும் ஓஎல்இடி திரையும் கூடின, உண்மைதான். ஆனால் எடுத்துவிட்ட பொருளுக்கான கழிவு எங்கே என்று யாரும் சொல்லவில்லை. பிரேசில் அரசு அபராதம் போட்டு, சார்ஜர் இல்லாமல் விற்கக் கூடாது என்று உத்தரவிடும் அளவுக்குப் போனது. ஐபோன் 12 வந்த சில மாதங்களில் சாம்சங்கும் சார்ஜரை எடுத்துவிட்டது. ஆனால் கேலக்ஸி எஸ்21-இன் தொடக்க விலையை முந்தைய மாடலைவிட 200 டாலர் குறைத்தது. பின்பக்கம் பிளாஸ்டிக், மெமரி கார்டு வசதியும் இல்லை. இருந்தாலும் பொருளைக் குறைத்தால் விலையையும் குறைக்க முடியும் என்பதற்கு அது சாட்சி.

சுற்றுச்சூழல் மீது அக்கறை இருந்தால், பசையையும் கொஞ்சம் யோசித்திருப்பீர்கள். என் மேசையில் நடப்பதைச் சொல்கிறேன்.

ஒரு கைப்பேசிக்கு பேட்டரி மாற்ற வேண்டும். சாதாரண வேலையாக இருக்க வேண்டியது. முதலில் அதைச் சூடான தட்டின் மேல் வைத்துப் பசையை இளக்க வேண்டும். பிறகு உறிஞ்சுக் கப்பை ஒட்டி, ஓரத்தில் மயிரிழை இடைவெளி வரும்வரை இழுத்து, அதில் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் செருகி நான்கு பக்கமும் நகர்த்த வேண்டும். ஒரு மில்லிமீட்டர் ஆழமாகப் போனால் டிஸ்ப்ளேயின் ரிப்பன் கேபிள் அறுந்துவிடும். உள்ளே பேட்டரியும் பசையில்தான் படுத்திருக்கும். இழுத்து எடுக்கும் பட்டை பாதியில் அறுந்துவிட்டால், லித்தியம் பேட்டரியை வளைக்காமல் நெம்பி எடுக்க வேண்டும், வளைந்தால் தீப்பிடிக்கலாம். சுயமாக மாற்றிக்கொள்ள முயன்று கைசுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். தண்ணீர் புகாமல் இருக்கத்தான் பசை என்பீர்கள். திருகாணியும் ரப்பர் வளையமும் வைத்தே தண்ணீர் புகாத கருவிகளைச் செய்ய முடியும். தடிமன் அரை மில்லிமீட்டர் கூடலாம், அவ்வளவுதான். அந்த அரை மில்லிமீட்டர் வேண்டாம் என்று என்னிடம் யாரும் கேட்டதில்லை. பேட்டரியை எப்போது மாற்றித் தருவீர்கள் என்றுதான் கேட்கிறார்கள்.

இன்னொன்று. திரை நொறுங்கிய ஒரு கைப்பேசி வந்தது. அதே மாடலில் போர்டு செத்துப்போன இன்னொன்று என்னிடம் இருந்தது. அதன் திரை புதிது போல இருந்தது. உங்கள் தொழிற்சாலையில் செய்த, அசல் திரை. எடுத்துப் பொருத்தினேன். தொடுதல் வேலை செய்தது, நிறம் சரியாக இருந்தது. ஆனால் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரை தன்னைச் சரிசெய்துகொள்ளும் வசதி அணைந்துவிட்டது. இது அசல் பாகமா என்று உறுதிசெய்ய முடியவில்லை என்று ஒரு எச்சரிக்கை வேறு வந்து நின்றது. காரணம், திரையின் சீரியல் எண்ணும் போர்டின் எண்ணும் பொருந்தவில்லை. பொருத்திவைக்கும் மென்பொருள் உங்கள் கையில் மட்டும் இருந்தது. எதைக் காசு கொடுத்து வாங்கினாரோ அதன் ஒரு பாகத்தை மாற்ற, விற்றவரிடம் திரும்ப அனுமதி கேட்க வேண்டும் என்ற நிலை. அந்தக் கைப்பேசிக்காரரிடம் அந்த எச்சரிக்கையை விளக்கிச் சொல்லும்போது, நான் ஏதோ போலி பாகத்தைப் போட்டுவிட்டேன் என்ற சந்தேகம் அவர் கண்ணில் தெரிந்தது. அசல் பாகத்தைப் போட்டுவிட்டு அந்தச் சந்தேகத்தைச் சுமப்பது எப்படி இருக்கும் என்று நீங்கள் ஒரு நாளாவது தெரிந்துகொள்ள வேண்டும்.

மடிக்கணினி கதை இதைவிட மோசம். மாணவி ஒருவர் கொண்டுவந்தார். உயர்விலை மாடல், வாரண்டி முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தது. மின்சாரமே ஏறவில்லை. அதிகாரப்பூர்வ சர்வீஸ் சென்டரில் போர்டு முழுவதையும் மாற்ற வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குக் கேட்ட தொகை புதிய மடிக்கணினியின் விலையில் பாதிக்கு மேல். ஸ்டோரேஜும் போர்டில் சாலிடர் செய்யப்பட்டு, அதாவது உலோகத்தை உருக்கி ஒட்டப்பட்டு, இருந்ததால், உள்ளே இருந்த ஆய்வேடு போனது போனதுதான் என்றும் சொல்லிவிட்டார்கள். அவருக்குப் பணத்தைவிட அதுதான் பெரிய அடி.

போர்டைத் திறந்தேன். மின்சாரம் போகும் ஒரு பாதை ஷார்ட் ஆகியிருந்தது. போர்டின் மேல் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தடவி, அந்தப் பாதையில் குறைந்த வோல்டேஜ் கொடுத்தால், கெட்டுப்போன பாகம் சூடாகும். அதன் மேல் இருக்கும் ஆல்கஹால் மட்டும் முதலில் உலரும். அப்படித்தான் உலர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள ஒரு கெப்பாசிட்டர், மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் குட்டிப் பாகம். சூடான காற்று ஊதும் கருவியை வைத்து அதைத் தூக்கிவிட்டு இன்னொன்றை வைத்தேன். மடிக்கணினி எழுந்தது, ஆய்வேடும் எழுந்தது. அந்தப் பாகத்தின் விலை சில காசுகள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு உதவியிருக்க வேண்டிய சர்க்யூட் வரைபடத்தை நீங்கள் தருவதில்லை. கசிந்து வந்த வரைபடங்களை வைத்தும் அனுபவத்தை வைத்தும் வேலை செய்கிறோம். முழு போர்டையும் மாற்றச் சொல்வது உங்கள் சர்வீஸ் முறை. பழுதின் தேவை அது இல்லை. ஒரு பொருளின் விலையில் பாதிக்கு மேல் பழுதுக்குக் கேட்டால், யாரும் பழுது பார்க்க மாட்டார்கள், புதிதுதான் வாங்குவார்கள். அது உங்களுக்கும் தெரியும்.

உலகில் 2022-இல் மட்டும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். உலகளாவிய மின்னணுக் கழிவுக் கண்காணிப்பு அறிக்கையில் உள்ள கணக்கு இது. அந்தக் குவியலில் ஒரு கெப்பாசிட்டர் கெட்ட போர்டுகள் எத்தனை இருக்கும் என்று நினைத்தாலே மனம் ஆறவில்லை.

கேம் கன்சோல்களில் இன்னொரு விதமாக நடக்கிறது. முன்பெல்லாம் கன்சோல் வெளியாகி ஒன்றிரண்டு ஆண்டுகளில் விலை இறங்கும். அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2002-இல் 199 டாலர் ஆனது. காத்திருந்தால் கட்டுப்படியாகும் என்று வசதி குறைந்தவர்கள் நம்பிக் காத்திருந்தார்கள். பிளேஸ்டேஷன் 5 அதே அமெரிக்காவில் 2020-இல் 499 டாலர். ஏறக்குறைய ஐந்து வருடம் பழையதான பிறகு 2025 ஆகஸ்டில் 549 டாலர். இதில் வரியும் பணவீக்கமும் பங்கு வகித்தன என்பதை மறுக்கவில்லை. ஆனால் 2024-இல் 699 டாலருக்கு வந்த புரோ மாடலில் டிஸ்க் டிரைவே இல்லை. அதைத் தனியாக வாங்க வேண்டும். கூடுதல் விலைக்குக் குறைவான பொருள் என்ற பழக்கம் எல்லாத் துறையிலும் பரவிவிட்டது.

நல்லதும் நடக்கிறது, அதையும் சொல்லாமல் விடமாட்டேன். 2023-இல் கூகுள் பிக்சல் 8-க்கு 7 ஆண்டு மென்பொருள் அப்டேட் தருவதாகச் சொன்னது. அடுத்த ஜனவரியில் சாம்சங் கேலக்ஸி எஸ்24-க்கு அதையே சொன்னது. விலை ஏற்றத்துக்கு நியாயம் கற்பிக்கக்கூடிய ஒரே வழி என்று நான் நினைப்பது இதைத்தான். 1,000 டாலர் சாதனம் 7 வருடம் உழைத்தால் வருடத்துக்குச் சுமார் 143 டாலர். மூன்றே வருடத்தில் போனால் 333. ஆனால் 7 வருட மென்பொருளை, பசையில் ஒட்டிய பேட்டரியோடு கொடுத்தால் அந்த வாக்குறுதி பாதி வாக்குறுதிதான். பேட்டரி மூன்றாம் வருடமே தளர்ந்துவிடும். பேட்டரி பழையதான கைப்பேசிகளைச் சொல்லாமல் வேகம் குறைத்ததை 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டதும், அதன் பிறகு பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். கட்டணத்தைக் குறைத்ததும் புதுக் கைப்பேசி வாங்க இருந்தவர்கள் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு போனார்கள். வாங்கியவர்களுக்குப் பழைய சாதனம் போதும் என்பதைத்தான் அது காட்டியது.

எங்களுக்குக் கிடைத்த மற்ற நன்மைகள் பெரும்பாலும் சட்டம் கழுத்தைப் பிடித்த பிறகு வந்தவை. யூஎஸ்பி-சி ஒரே சார்ஜர் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டத்தால் வந்தது. பிரான்ஸ் 2021-இல் பழுதுபார்க்கும் எளிமைக்கு மதிப்பெண் போடச் சொன்னது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024-இல் பாகங்களைச் சீரியல் எண்ணால் பூட்டுவதைத் தடைசெய்து சட்டம் இயற்றியது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பாவில் விற்கும் கைப்பேசிகளின் பேட்டரி 800 முறை சார்ஜ் செய்த பிறகும் 80 சதவீதத் திறனோடு இருக்க வேண்டும். விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் உதிரி பாகம் கிடைக்க வேண்டும். அதே தொழிற்சாலையில், அதே வரிசையில் செய்த அதே கைப்பேசி ஐரோப்பாவுக்குப் போனால் ஒரு உரிமையோடு போகிறது, வேறு நாட்டுக்குப் போனால் அந்த உரிமை இல்லாமல் போகிறது. அந்த உரிமை இல்லை என்பதற்காக விலையை நீங்கள் குறைப்பதில்லை. சட்டம் இல்லாத நாட்டில் வாங்குபவர் எந்த விதத்தில் குறைந்துபோனார்?

ஆகவே நான் கேட்பவை இவை.

விலையை ஏற்றும்போது, எந்தச் செலவு எவ்வளவு ஏறியது என்பதை அந்த அறிவிப்போடு சேர்த்து வெளியிடுங்கள். மெமரியைக் காரணம் காட்டி இப்போது ஏற்றும் விலையை, மெமரி இறங்கியதும் இறக்குவோம் என்று எழுத்தில் கொடுங்கள். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதன் மதிப்பை விலையில் கழியுங்கள்.

பெட்டியின் வெளியே, விலைக்குப் பக்கத்தில், இரண்டு தேதிகளை அச்சிடுங்கள்: மென்பொருள் அப்டேட் எந்தத் தேதி வரை, உதிரி பாகம் எந்தத் தேதி வரை. 'பல ஆண்டுகள்' என்ற பேச்சு வேண்டாம். மாதமும் வருடமும் வேண்டும். ஐரோப்பிய விதிகளின்படி அங்கே தரும் 7 ஆண்டு உதிரி பாகத்தையும் பேட்டரித் தரத்தையும் நீங்கள் விற்கும் எல்லா நாடுகளுக்கும், யாரும் சட்டம் போடும் வரை காத்திருக்காமல், அடுத்த மாடலிலிருந்தே கொடுங்கள்.

அசல் பாகத்தைச் சீரியல் எண்ணால் பூட்டுவதை நிறுத்துங்கள். திருட்டுக் கைப்பேசியின் பாகங்களைத் தடுக்க வேண்டும் என்றால், திருட்டுப் புகார் பதிவான சாதனத்தின் பாகங்களை மட்டும் பூட்டுங்கள். சர்க்யூட் வரைபடத்தையும் பொருத்தும் மென்பொருளையும் நியாயமான கட்டணத்துக்கு எங்களைப் போன்ற வெளிப் பழுதுபார்ப்பவர்களுக்கும் கொடுங்கள். கட்டணம் கட்ட நான் தயார். போர்டு முழுவதையும் மாற்றச் சொல்லும் முன், பாக அளவில் பழுது பார்க்க முடியுமா என்று உங்கள் சர்வீஸ் சென்டர்கள் வாடிக்கையாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். தரவை மீட்க வழி இருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஸ்டோரேஜைப் போர்டில் சாலிடர் செய்வதை உயர்விலை மடிக்கணினிகளில் முதலில் விடுங்கள். மிக மெல்லிய மாடல்களிலும் கழற்றி மாட்டும் எஸ்எஸ்டி வைத்துக் காட்டியவர்கள் இருக்கிறார்கள்.

இதற்குப் பதில் எழுதுவதாக இருந்தால், வாடிக்கையாளர் நலனில் உங்களுக்கு இருக்கும் அக்கறையைப் பற்றி எழுத வேண்டாம். இவற்றில் எதை, எந்த மாடலிலிருந்து, எந்தத் தேதிக்குள் செய்வீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எதைச் செய்ய முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சாதனங்களைப் பழுது பார்க்கும் ஒருவர்